விலை பேசுதலும் வாய்மையும்

விற்பவர் தாம் பெறப் போவதில்லை என்று அறிந்த ஒரு தொகையைக் கேட்கிறார். வாங்குபவர் தாம் அத்தோடு முடியப் போவதில்லை என்று அறிந்த ஒரு தொகையைச் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவே எங்கோ பேச்சு முடிகிறது. இருவர் வாயிலிருந்தும் முதலில் வந்த எண் கடைசி எண் அல்ல என்பது இருவருக்கும் தெரிந்தே நடக்கும் இந்தச் செயலைப் பொய் என்று கொள்வதா, உலக வழக்கு என்று விட்டுவிடுவதா என்ற கேள்வி, பௌத்தம், இஸ்லாம், கிறிஸ்தவம் ஆகிய மூன்று சமய மரபுகளிலும் வெவ்வேறு வடிவில் எழுப்பப்பட்டிருக்கிறது. ஊர் விட்டு ஊர் போனவர் விலை பேசும்போது இக்கேள்வி இன்னும் கூர்மையடைகிறது; ஏனெனில் அவருக்கு அவ்வூர் விலை தெரியாது, அவ்வூராருக்கு அவருடைய மடியின் கனம் தெரியாது.

இக்கேள்வியை ஆராய்வதற்கு இலங்கையின் சபரகமுவ மாகாணம் ஏற்ற களம். பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் ஏ18 வீதியிலுள்ள கொடகவெலயும், அதன் அயலிலுள்ள காவத்தை, இறக்குவானை ஆகிய ஊர்களும் தேயிலைத் தோட்டங்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் இடைப்பட்ட நிலம். தேயிலை கொழும்பு ஏலத்தில் தரம் பிரிக்கப்பட்டு விலை போகிறது. தோட்டத்தில் கொழுந்து எடுப்பவருக்கும் அந்த விலைக்கும் நேர்த் தொடர்பு எதுவும் இல்லை. மாணிக்கக் கல்லோ அவ்வாறு அல்ல. எடையைக் காரட்டில் நிறுத்துவிடலாம் என்றாலும், நிறம், தெளிவு, வெட்டு, உள்ளே கிடக்கும் கீற்று என்பவற்றை ஒருவர் கண் மதிப்பது போல் இன்னொருவர் கண் மதிப்பதில்லையாதலால், ஒரே எடையுள்ள இரண்டு நீலக் கற்கள் பல மடங்கு வேறுபட்ட விலைக்குப் போவதுண்டு. பட்டியல் ஒட்ட முடியாத பொருளுக்கு விலை பேசித்தான் ஆகவேண்டும்.

இம்மாகாணத்து இரத்தினபுரி நகரின் காலைச் சந்தையில் இது நடக்கும் விதத்தைத் தெருவோரத்தில் நின்றே பார்க்கலாம். சட்டைப் பையிலிருந்து மடித்த கடதாசிப் பொட்டலம் வெளியே வருகிறது. வாங்க நினைப்பவர் கல்லை இரு விரலால் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்து, சிறு கைவிளக்கைப் பின்னால் வைத்து மறுபடியும் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கொடுக்கிறார். இந்த மௌனம் பழைய வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்கும் இந்தியாவுக்கும் ஆறு முறை பயணம் செய்த பிரெஞ்சு நகை வணிகர் தவேர்னியே, 1676இல் வெளியான தம் பயண நூலில், தக்காணத்து வைரச் சுரங்கங்களில் கண்ட பேரத்தை விவரித்திருக்கிறார். வாங்குபவரும் விற்பவரும் எதிரெதிரே குந்தியிருந்து, இடுப்புத் துணியால் கைகளை மூடிக்கொண்டு, முழுக் கையைப் பிடித்தால் ஆயிரம், ஒரு விரலைப் பிடித்தால் நூறு, பாதி விரல் ஐம்பது, விரல் நுனி பத்து என்ற கணக்கில், ஒரு சொல்லும் பேசாமல் வியாபாரத்தை முடித்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டு மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசும் முறையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியக்கூடாது என்பதற்காகவே துணி போடப்பட்டது என்பது வழக்கமான விளக்கம். அறவியல் நோக்கில் அந்தத் துணிக்கு இன்னொரு பயனும் உண்டு. விரலால் எண்ணைச் சொல்லலாமே தவிர, “இது மட்டமான கல்”, “நேற்று இதைவிட நல்லதைப் பாதி விலைக்குக் கொடுத்தார்கள்” என்றெல்லாம் விரலால் சொல்ல இயலாது. எண் ஒரு முன்மொழிவு; இத்தொகைக்குச் சம்மதமா என்ற கேள்வி. பொருளைப் பற்றிச் சொல்லும் வாக்கியமோ ஒரு கூற்று. அது உண்மையாகவோ பொய்யாகவோதான் இருக்க முடியும். முன்மொழிவில் பொய்யில்லை, கூற்றில் பொய் நுழையலாம் என்ற இந்தப் பிரிவினையைப் பிடித்துக்கொண்டால், விலை பேசுதல் பற்றிய சமய விவாதங்களில் பாதி தெளிந்துவிடும்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவினர் இந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. ஒரு விலை கேட்டுவிட்டு அதற்குக் கீழே கொடுப்பது, முதலில் கேட்டது பொய் என்று ஒப்புக்கொள்வதாகும் என்று கருதி, கடையில் ஒரே விலைதான் என்ற வழக்கத்தை அவர்கள் கைக்கொண்டார்கள். ஏமாற்றப்படுவோம் என்ற பயமின்றிப் பிள்ளையையும் அனுப்பிச் சாமான் வாங்கலாம் என்பதால் அவர்களுடைய வியாபாரம் பெருகியது. அவர்களின் நேர்மை போற்றத்தக்கது; ஆயினும் வாதம் முழுமையானது அல்ல. இரு தரப்பும் அறிந்த விதிப்படி நகரும் எண்ணில் யாரும் யாரையும் நம்பவைத்து ஏமாற்றுவதில்லை. அந்த விதியே தெரியாத வெளிநாட்டவர் முதலில் கேட்ட தொகையை அப்படியே எண்ணிக் கொடுக்கும் இடத்தில் மட்டும் குவேக்கரின் கண்டனம் உறைக்கிறது.

ஜாதகக் கதைகளில், அதாவது புத்தரின் முற்பிறவிகளைக் கூறும் பாளிக் கதைகளில், மூன்றாவதாக வரும் சேரிவாணிஜ ஜாதகம் இந்தப் பொருளைப் பற்றியே அமைந்தது. 14ஆம் நூற்றாண்டில் இக்கதைத் தொகுதி சிங்களத்தில் ஆக்கப்பட்டமையால், சபரகமுவக் கிராமத்து விகாரைகளுக்கும் இது அந்நியமான கதை அல்ல. சேரி நாட்டிலிருந்து ஆறு கடந்து அந்தபுரம் என்னும் நகருக்குப் போன இரு நடை வியாபாரிகள் தெருக்களைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். நொடித்துப்போன குடும்பம் ஒன்றில் மிஞ்சியிருந்த பாட்டியும் பேத்தியும், அழுக்கேறிய பழைய கிண்ணம் ஒன்றைக் கொடுத்துப் பேத்திக்கு ஓர் அணிகலன் கேட்கிறார்கள். முதல் வியாபாரி ஊசியால் கீறிப் பார்த்து அது பொன் என்று அறிந்துகொண்டு, அரைக் காசும் பெறாது என்று தரையில் எறிந்துவிட்டுப் போகிறான். சற்றுக் கழித்து வந்து சும்மா வாங்கிக்கொள்வது அவன் திட்டம். பின்னர் வந்த இரண்டாம் வியாபாரியான போதிசத்துவர், அதாவது முற்பிறவியில் புத்தர், இக்கிண்ணம் இலட்சம் பெறும், அவ்வளவு பணம் தம்மிடம் இல்லை என்று சொல்லி, கையிலிருந்த ஐந்நூறு காசையும் ஐந்நூறு பெறுமதியான சரக்கையும் கொடுத்து, தராசு, பை, ஓடக்கூலிக்கு எட்டுக் காசு ஆகியவற்றை மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு கிண்ணத்தைப் பெறுகிறார்.

கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு கணக்கு இதில் இருக்கிறது. இலட்சம் பெறும் பொருளுக்குப் போதிசத்துவர் கொடுத்தது ஆயிரம் பெறுமதி, அதாவது நூற்றில் ஒரு பங்கு. எனினும் கதை அவரைக் குறை சொல்லவில்லை. இருவருக்கும் உள்ள வேறுபாடு தொகையில் இல்லை. தாம் அறிந்ததை ஒருவர் சொன்னார், மற்றவன் மறைத்ததோடு நில்லாமல் அதற்கு மாறாகப் பேசினான். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் இதைவிடக் கண்டிப்பானவர். விற்பவர் பொன்னைச் செம்பு என்று எண்ணிக் கொடுக்கும்போது, அது பொன் என்று அறிந்தும் வாங்குபவர் அநியாயம் செய்தவராவார், குறைந்த மதிப்பை ஈடுசெய்யக் கடமைப்பட்டவருமாவார் என்பது அவருடைய முடிவு. அக்குவைனாஸின் அளவுகோலில் போதிசத்துவருக்கும் இன்னும் கடன் பாக்கி இருக்கக்கூடும். அவ்விடத்தில் உண்மை அறிந்து கொடுத்த சம்மதத்துக்கு ஜாதகம் அளிக்கும் மதிப்பே நியாயமாகத் தோன்றுகிறது.

இந்தக் கிண்ணத்துக்கு நிகரான ஒன்று இரத்தினபுரி மண்ணிலேயே கிடைத்தது. கெவுட என்று சிங்களத்தில் வழங்கும் பால்போல் மங்கிய குருந்தக் கல், அதாவது நீலக் கல்லின் இனத்தைச் சேர்ந்தும் நிறம் தெளியாத கல், நெடுங்காலம் இங்கே ஏறக்குறைய மதிப்பற்றதாகக் கிடந்தது. 1970களில் தாய்லாந்து வணிகர்கள் இதை மலிவாக வாங்கிச் சென்றார்கள். உயர்ந்த வெப்பத்தில் சூடாக்கினால் கல்லினுள் மெல்லிய ஊசிகளாய்ப் படிந்திருக்கும் தைத்தேனியச் சேர்மம் கரைந்து, இரும்போடு சேர்ந்து ஆழ்ந்த நீல நிறம் தரும் என்ற நுட்பம் அவர்களிடம் இருந்தது. குழியில் இறங்கிச் சேற்றில் நின்றவருக்கு அது தெரியாது. இதைக் கிண்ணக் கதையோடு அப்படியே ஒப்பிடுவது அவசரம். கிண்ணம் ஏற்கெனவே பொன். கெவுடயோ சூளைக்குள் போய் வெடிக்காமல் வெளியே வந்த பிறகே நீலம். தேடிப் பெற்ற நுட்பத்துக்கும் கல் பாழாகும் அபாயத்துக்கும் ஊதியம் கேட்பது முறைதான். அந்த நுட்பத்தை விளக்கிவிட்டுத்தான் வாங்கவேண்டும் என்று எந்த வணிகரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் “இது எதற்கு உதவும்?” என்று விற்பவர் நேராகக் கேட்கும்போது “ஒன்றுக்கும் உதவாது” என்று விடை சொன்ன வணிகர் எவராயினும் முதல் வியாபாரியின் இடத்திலேயே நிற்கிறார்.

சபரகமுவக் கல் வியாபாரத்தில் முஸ்லிம்களின் பங்கு பெரிது. அவர்களுடைய சட்ட மரபு இவ்விஷயத்தை மிக நுணுக்கமாக வகுத்துள்ளது. வாங்கிய விலையைச் சொல்லாமல் பேசி முடிக்கும் விற்பனை முஸாவமா எனப்படும், அது ஆகுமானது. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிவிடுவதற்காகக் கேட்பது நஜ்ஷ், அது விலக்கப்பட்டது. ஒருவர் பேரம் படியும் நிலையில் இருக்கும்போது இன்னொருவர் குறுக்கே புகுவதும் அப்படியே. சரக்கோடு வரும் வெளியூராரை, சந்தை விலை அவர்கள் காதில் விழுமுன் வழியிலேயே மறித்து வாங்குவதற்கும் தடை உண்டு. குழி வாசலிலேயே கல்லை மடக்கிப் பிடிக்கும் தரகருக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. நபிகள் நாயகமே தோழர் ஜாபிரிடம் ஒட்டகத்துக்கு விலை பேசி, மதீனா சேர்ந்ததும் விலையையும் கொடுத்து ஒட்டகத்தையும் திருப்பிக் கொடுத்தார் என்பது ஹதீஸ் செய்தி. பேரம் வேறு, கஞ்சத்தனம் வேறு என்பதற்கு இதுவே போதும்.

இவ்விதிகள் அனைத்துக்கும் அடியில், பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு நிபந்தனை உண்டு: இருவரும் எழுந்து போகக்கூடியவர்களாக இருக்கவேண்டும். பேரத்தின் நியாயம் “வேண்டாம்” என்று சொல்ல முடிவதில் இருக்கிறது. இதே மாகாணத்துத் தோட்டத் தமிழர்களின் வரலாறு எதிர்ச் சான்றாகும். முன்பணக் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அதைத் தீர்த்தாலன்றி வேறு தோட்டம் போகவிடாத துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை, தொழிலாளியின் உழைப்புக்கு விலை பேசப்பட்டதாகச் சொல்வது சொல்லளவில் மட்டுமே உண்மை. நூறாண்டு கழித்து, 2021 மார்ச்சில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயானபோதும் அதைத் தீர்மானித்தது சம்பளச் சபை. கூடை சுமந்தவர் அதில் நேராக விலை பேசவில்லை.

பயணிக்கு இதிலிருந்து பெறத்தக்கது, மரியாதையான பேரமும் பலிக்கும் பேரமும் பெரும்பாலும் ஒன்றே என்ற முடிவு. பல கடைகளில் விலை கேட்டுவிட்டு வந்தவர் குரலை உயர்த்தவேண்டியதில்லை. பொருளைப் பழிப்பவரிடம் விற்பவர் தம் மானத்துக்காகவே இறங்கமாட்டார். “பொருள் நல்லது, என் கையில் இவ்வளவுதான் இருக்கிறது” என்று சொல்பவரிடம் இறங்குவதற்கு அவருக்கு வழி இருக்கிறது. கையில் இருப்பது பற்றிய அக்கூற்றும் உண்மையாக இருக்கவேண்டும் என்பது வேறு. வெளிநாட்டவருக்கு வேறு விலையா என்று கோபிப்பதும் பயனற்றது. சிகிரியாவின் நுழைவுச் சீட்டிலேயே இலங்கை அரசு அந்த வேறுபாட்டைக் காட்டும்போது தெருக்கடைக்காரரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே இரத்தினபுரிக்குக் கல் வாங்க வருபவரும், கொடகவெலயிலிருந்து மதுரைக்கோ மக்காவுக்கோ புத்தகயாவுக்கோ போகிறவரும், வாங்கும் எண்ணம் இல்லாத பொருளுக்கு விலை கேட்டுக் கடைக்காரரின் நேரத்தை எடுக்கவேண்டாம். தாம் சொன்ன தொகைக்கு அவர் சம்மதித்துவிட்டால், அதைவிடக் குறைத்துக் கேட்டிருக்கலாமே என்று மனம் மாறாமல், பணத்தை எண்ணிக் கொடுத்துவிடவும். அந்தி நேரத்தில் கடைசிக் கீரைக்கட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் பேரமே பேசவேண்டாம்.