பத்தொன்பதாம் எண் கார்

ஃபார்முலா 1-க்கு ஒரு படி கீழே இருப்பது ஃபார்முலா 2. எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், ஒரே எஞ்சின், ஒரே டயர். அதனால் இங்கே ஓட்டுபவனின் கையும் மனசும்தான் பேசும்.

2019 பருவத்தில் பட்டம் வென்றவர் நிக் டி வ்ரீஸ். ஆனால் என் நினைவில் நிற்பவர் 22 வயது பிரெஞ்சு இளைஞர் ஆந்துவான் யூபேர். பெரிய அணி இல்லை அவருக்கு. மொனாக்கோவில் முதல் பந்தயத்தில் எட்டாவதாக வந்தார். மறுநாள் முதல் எட்டு இடங்களையும் தலைகீழாக்கி நிறுத்துவது அப்போதைய வழக்கம். அப்படிக் கிடைத்த முன்வரிசையைக் கடைசி வரை விட்டுக்கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர் பக்கத்தில் ஏறிவர, 0.059 விநாடியில் வென்றார். கண் இமைக்கக்கூட அதைவிட நேரமாகும்! அடுத்த மாதம் சொந்த நாட்டிலும் ஒரு வெற்றி.

ஆகஸ்ட் 31, பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயப் பாதை. இரண்டாவது சுற்றிலேயே விபத்து; அன்றே அவர் இறந்துபோனார். மறுநாள் அதே பாதையில் தன் முதல் ஃபார்முலா 1 வெற்றியைப் பெற்ற ஷார்ல் லெக்ளேர், சிறுவயதில் கார்ட் பந்தயங்களில் அவரோடு வளர்ந்தவர். அந்த வெற்றியை நண்பனுக்கே கொடுத்தார். கொண்டாட மனம் வருமா?

அதே விபத்தில் இரண்டு கால்களும் நொறுங்கிய ஹுவான் மானுவல் கொரேயா, அறுவை சிகிச்சை மேல் அறுவை சிகிச்சை கண்டு, 2021-இல் ஒரு படி கீழே இறங்கி ஃபார்முலா 3-இல் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். யூபேரின் 19-ஆம் எண்ணை ஃபார்முலா 2-இல் பிறகு யாருக்கும் கொடுக்கவில்லை.