நாயின் சம்மதம்

நாயை வண்டியில் பூட்டலாமா என்று யாராவது கேட்டால் நம்மில் பலர் சிரித்துவிடுவோம். மாடு இருக்கிறது, குதிரை இருக்கிறது, கழுதை இருக்கிறது. நாய்க்கு எதற்கு வண்டி? ஆனால் இது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. இதற்குள் ஒரு பெரிய தர்மசங்கடம் ஒளிந்திருக்கிறது என்பது என் கட்சி.

போடிநாயக்கனூர்ப் பக்கத்தில் சுமையின் சரித்திரம் என்பது பெரும்பாலும் மிருகங்களின் சரித்திரந்தான். 1902-இல் மலைக்கு மேலே குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டபோது, அதன்மேல் வண்டிகளை இழுத்தவை மாடுகள். பின்னர் நீராவி இஞ்சின் வந்தது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அந்த ரயிலையே கொண்டு போயிற்று. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடிக்கு இறங்கிய தேயிலையைப் போடிக்குக் கொண்டுவந்து சேர்த்ததும் மாட்டு வண்டிதான். பாதையில்லாத சரிவுகளில் பொதி சுமந்தவை கழுதையும் கோவேறு கழுதையும்.

அதே மலையடிவாரத்தில்தான் கோம்பை என்ற ஊரும் இருக்கிறது. அவ்வூர்ப் பெயரையே தாங்கிய நாய் காவலுக்கும் வேட்டைக்கும் பேர்போனது. ஆனால் பொட்டிபுரத்திலோ, போடியிலோ, கோம்பையிலோ யாரும் நாயை வண்டியில் பூட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

மேல்நாட்டில் பூட்டினார்கள். பெல்ஜியத்தில் பால் வண்டியை நாய் இழுத்தது. முதல் உலகப் போரில் அந்நாட்டுப் படையின் இயந்திரத் துப்பாக்கியையும் இழுத்தது. இங்கிலாந்தில் 1839-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனில் நாய் வண்டியைத் தடை செய்தது. 1854-இல் நாடு முழுவதற்கும் தடை வந்தது. 1911 டிசம்பரில் அமுண்ட்சன் தென் துருவத்தை எட்டியது நாய்கள் இழுத்த சறுக்கு வண்டிகளின் உதவியால். புறப்பட்ட நாய்கள் 52, திரும்பியவை 11. வழியிலேயே பல நாய்களைக் கொன்று மற்ற நாய்களுக்கும் மனிதர்களுக்கும் உணவாக்கினார்கள். அது எதிர்பாராத விபத்து அல்ல. முன்கூட்டியே போட்டுவைத்த கணக்கு.

நாயைப் பூட்டுவதில் நுணுக்கம் உண்டு. மாட்டுக்குத் திமில் இருக்கிறது; நுகத்தடி அதற்கு முன்னே படிந்து நிற்கும். நாய்க்கு அது இல்லை. கழுத்துப் பட்டையில் கட்டி இழுக்கவிட்டால் தொண்டை நெரியும். ஆகவே அகலமான வாரை மார்பெலும்பின்மேல் படியவிட்டு, தோள் தாராளமாக அசைய இடம் விட வேண்டும். முதலில் வெறும் வார். பிறகு காலி வண்டி. அதன் பிறகே சிறு சுமை. எலும்பு முற்றாத குட்டியைத் தொடவே கூடாது. இதெல்லாம் கைப்பழக்கம். தர்மசங்கடம் பிறப்பது வார் சரியாகப் பொருந்திய பிறகுதான்.

மாடு மறுக்கத் தெரிந்த பிராணி. சுமை மிஞ்சினால் படுத்துக்கொள்ளும். கழுதை நின்றுவிடும். அதற்காக அவை அடி வாங்கலாம். ஆனாலும் தங்கள் ஆட்சேபத்தைச் சொல்லிவிடுகின்றன. நாயோ எஜமானின் முகத்தைப் பார்க்கிறது. வாரைக் கையில் எடுத்ததுமே துள்ளுகிறது. “அதுவே ஆசைப்பட்டு வருகிறதே!” என்கிறோம். அன்பைக் காட்டிப் பெற்ற சம்மதம் முழுச் சம்மதம் ஆகுமா?

அப்படியானால் பூட்டவே கூடாதா என்று கேட்பீர்கள். வாசலில் பகலெல்லாம் சங்கிலியில் கட்டிப்போடுவதை நாம் கொடுமை என்று சொல்வதில்லையே! ஓடப் பிறந்த பிராணிக்கு அந்தச் சங்கிலியைவிட அளவான சுமையோடு ஓடுவது மேல். வாரில் பாவம் இல்லை. அளவை யார் வைப்பது என்பதுதான் கேள்வி.

1965-இல் நம் அரசாங்கம் இழுவை மிருகங்களுக்கும் பொதி மிருகங்களுக்கும் விதிகள் செய்தது. கழுதைக்கு 50 கிலோ, கோவேறு கழுதைக்கு 200 கிலோ. நாளைக்கு 9 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நடுப்பகல் 12 முதல் 3 வரை பூட்டக்கூடாது. அந்தச் சுமைப் பட்டியலில் நாய் இல்லை. மாட்டைப்போல உடம்பெல்லாம் வியர்த்துக் குளிரவும் நாயால் முடியாது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஆகவே அதன் அளவு பூட்டுகிறவனுடைய மனச்சாட்சியில்தான் இருக்கிறது.

வீட்டிலும் இதே கதைதான். முகம் சுளிக்காதவர்மேல்தான் சுமை ஏறுகிறது. தம்பிமாரைப் படிக்கவைத்துவிட்டுத் தன் கல்யாணத்தை மறந்த அக்காளைப் பற்றி, “அவளுக்கு இதில்தான் சந்தோஷம்” என்று சொல்லிக்கொள்கிறோம். சம்பளம் கூட்டிக் கேட்காத சமையற்கார அம்மாளை, “நம் வீட்டு மனுஷி” என்று கொண்டாடுகிறோம். சண்டை போடுகிறவனுக்குக் கூலி உயர்கிறது. பிரியம் வைத்தவனுக்குப் பாராட்டு மட்டும் கிடைக்கிறது.

நம் முன்னோர் பாதையோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். தலைச்சுமைக்காரன் வலிக்கிறதென்று சொல்லட்டும் என்று காத்திருக்கவில்லை. அவன் வருமுன்பே கல் அங்கே நின்றது. மாடு உடம்பை உரசிக்கொள்ளத் தறி நடுவதையும் முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றாக வைத்தார்கள். எந்த மாடு வந்து விண்ணப்பம் கொடுத்தது? கேட்கத் தெரியாதவரின் தேவையை அவர் கேட்குமுன் அறிவதைத்தான் அவர்கள் அறம் என்றார்கள்.

நாயைப் பூட்ட வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது களைத்துப் படுக்குமுன்பே வாரைக் கழற்றிவிடுங்கள் என்கிறேன். கழற்றிய பிறகும் அது வாலை ஆட்டும். இன்னும் இழுக்கிறேன் என்பதற்கு அது அத்தாட்சி அல்ல.