வாயிலில் நிற்பவர் யார்?

மகாபாரதத்தின் வன பர்வத்தில் அஷ்டாவக்கிரரின் வரலாறு வருகிறது. கருவிலிருந்தபடியே தந்தையின் வேத பாடத்தில் பிழை சுட்டினார். சினந்த தந்தை சபித்தார். எட்டுக் கோணல்களுடன் குழந்தை பிறந்தது. பின்னர் ஜனக மன்னரின் வேள்விச் சாலைக்குச் சென்றபோது, சிறுவர்களுக்கு இங்கே இடமில்லை என்று வாயிற்காப்போன் தடுத்தான். அவனிடம் வாதிட்டு வென்ற பின்னரே அவரால் உள்ளே செல்ல முடிந்தது. கோணலுக்குக் காரணம் குழந்தையின் குற்றமன்று, தந்தையின் சினம். அறிவின் அவைக்குள் அவரைப் புகவிடாமல் நின்றது காவலனின் கண்ணோட்டம்.

தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பகுதியில் பள்ளியின் வாயிலும் எளிதில் திறந்ததில்லை. வெங்ஙானூரில் 1863-இல் பிறந்த அய்யன்காளி, சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் புலையர் சமூகக் குழந்தைகளுக்காகத் தம் ஊரில் அமைத்த பள்ளி எரிக்கப்பட்டது. பின்னர் பஞ்சமி என்னும் சிறுமியை அவர் ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். அந்தப் பள்ளியும் தீக்கிரையாயிற்று. தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே பாதுகாக்கப்படுகிறது.

அன்று தீ வைத்தவர்களும் தங்கள் செயலுக்குத் தத்துவம் வைத்திருந்தார்கள். ‘இப்பிறவி முன்வினைப் பயன்’ என்பதே அது. அதே சொல்தான் இன்று மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் முன்னும் வந்து நிற்கிறது. ‘யார் செய்த பாவமோ?’ என்று உறவினர் பெருமூச்சு விடுகின்றனர். பழி பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. மூத்தவளின் திருமணம் தடைப்படுமோ என்று அஞ்சி இளையவனை உள்ளறையில் வைக்கும் குடும்பங்கள் உண்டு. ‘தெய்வக் குழந்தை’ என்று கொஞ்சி, அதற்கு ஓர் எழுத்தும் கற்பிக்காமல் விடுவோரும் உண்டு. இழிவும் வணக்கமும் வேறுபோலத் தோன்றினாலும் விளைவு ஒன்றே: குழந்தை வீட்டிலேயே இருந்துவிடுகிறது.

கர்மக் கொள்கை, ஒருவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்பதற்காகச் சொல்லப்பட்டது. பிறரை நிறுக்கும் தராசாக அதைக் கையிலெடுக்க நமக்கு உரிமையில்லை. பசித்தவனிடம் ‘இது உன் வினை’ என்று கூறி நகர்பவன், அன்னமிட மறுத்த வினையை அக்கணமே தனக்குச் சேர்த்துக்கொள்கிறான். குழந்தையின் முற்பிறவி நமக்குத் தெரியாது. இப்பிறவியில் நாம் அதற்குச் செய்யவேண்டியது தெரியும். கீதை நம்மை நிறுத்துவது இந்தக் கடமையின் முன்னர்தான்.

அந்தக் கடமையைச் சிலர் செய்து காட்டியிருக்கிறார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளுக்காகக் கேரளத்தில் ஊராட்சிகள் குடும்பஸ்ரீயுடன் இணைந்து நடத்தும் ‘பட்ஸ்’ பள்ளிகளில் முதலாவது, 2004-இல் அதே வெங்ஙானூரில் தொடங்கப்பட்டது. ஒரு பள்ளியை எரித்த ஊரில், ஏறத்தாழ நூறாண்டுகளுக்குப் பின், ஊரே முன்வந்து மற்றொரு பள்ளியைத் திறந்தது! படுக்கையிலிருக்கும் மாணவனின் வீட்டுக்கு வகுப்புத் தோழர்களே சென்று பாடியும் விளையாடியும் வரும் ‘சங்ஙாதிக்கூட்டம்’ என்னும் திட்டமும் அம்மாநிலத்தில் உண்டு. பள்ளிக்கு வர இயலாத குழந்தையிடம் பள்ளியே சென்று சேர்கிறது.

2016-ஆம் ஆண்டுச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியுள்ளது. ஆயினும் உள்ளறையின் தாழ்ப்பாளைச் சட்டத்தால் நீக்க முடியாது. அதை நீக்கவேண்டியவர்கள் பெற்றோரும் அண்டை வீட்டாரும் ஆலயத்தில் கூடும் நாமுமே.

விஜயதசமியன்று குழந்தைகளின் விரல் பிடித்து அரிசியில் எழுதவைக்கிறோம். அடுத்த முறை அந்த வரிசையை ஒருகணம் உற்றுப் பாருங்கள். நம் தெருவிலிருந்து எந்தக் குழந்தை அங்கே வரவில்லை? அக்குழந்தையின் வீட்டுக்குச் சென்று அழைத்து வருவோம். அதன் விரல் எழுதும் முதல் எழுத்தைக் கலைமகள் உவப்புடன் ஏற்றுக்கொள்வாள்.