மங்கிய ஒளியில் வாய்மை

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் ஏற்றப்படும் சுடரை வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே காணலாம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு கண்டு நின்றபோது, என்னிடமுள்ள பழைய நிக்கான் டி40 கேமராவால் அக்காட்சியைப் படமெடுத்தேன். அருகில் நின்ற என் தம்பி மகன் தன் கைப்பேசியால் எடுத்தான். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தோம். என் படத்தில் வானமெங்கும் சிவப்பும் பச்சையுமாக மணல் தூவியதுபோலப் புள்ளிகள். அவன் படத்திலோ வானம் பட்டுத் துணிபோல் வழவழப்பாக இருந்தது. மலைச்சரிவில் மரங்கள்கூடத் தனித்தனியே தெரிந்தன.

"பெரியப்பா, உங்கள் கேமராவுக்கு வயதாகிவிட்டது" என்றான்.

"இருக்கலாம். ஆனால் அந்த மரங்களை உன் கைப்பேசி கண்டு காட்டுகிறதா, இருக்கக்கூடும் என்று எண்ணிக் காட்டுகிறதா?" என்று கேட்டேன். அவனுக்கு விடை தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

விளையாட்டாகக் கேட்ட அவ்வினா பின்னர் என்னை விடவில்லை. சரியாகக் காணாத ஒன்றைத் தெளிவாகக் கண்டதுபோல் காட்டுவது குற்றமாகுமா? பொய்யாமையை அணுவிரதமாகக் கொண்ட இல்லறத்தார் நினைத்துப் பார்க்கவேண்டிய வினா இது.

முதலில் அப்புள்ளிகள் எங்கிருந்து வருகின்றன என்று அறிவோம். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் கேமராவுக்குள் மிகுதியான ஒளி புகுவதாகப் பலர் கருதுகின்றனர். அது தவறு. புகுந்த ஒளி புகுந்ததே. அதனால் உண்டான மின்குறிப்புதான் பெருக்கப்படுகிறது. மெல்லிய குரலில் பேசுபவரின் சொல்லை ஒலிபெருக்கியில் கூட்டிவைத்தால், சொல்லோடு சேர்ந்து கருவியின் இரைச்சலும் கூடுவதைக் கேட்டிருக்கிறோம். அதுபோன்றதே இது. 2006ஆம் ஆண்டில் வெளிவந்த டி40 கேமராவில் இந்த எண் 200இலிருந்து 1600 வரை செல்லும். அதற்குமேல் இன்னும் ஒரு படி உண்டு. அந்த மேற்படிகளில் இரைச்சல் கண்ணை உறுத்தும்.

ஆயினும் இக்குறை முழுவதும் கருவியுடையதன்று. ஒளி, மழைத்துளிகளைப் போலத் தனித்தனித் துகள்களாக வந்து விழுகிறது. முற்றத்தில் வரிசையாக வைத்த கிண்ணங்களில் பெருமழை பெய்தால் எல்லாம் ஏறக்குறையச் சமமாக நிரம்பும்; சிறுதூறல் எனில் ஒன்றில் ஐந்து துளியும் அடுத்ததில் இரண்டு துளியும் விழும். ஓரிடத்தில் 10,000 ஒளித்துகள்கள் விழுந்தால் எதிர்பார்க்கத்தக்க ஏற்றத்தாழ்வு 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது நூற்றுக்குப் பத்து. எத்துணைப் புதிய கேமராவாயினும் இவ்வியற்கை விதிக்கு உட்பட்டதே. ஆகவே படத்தில் தெரியும் புள்ளிகள், "இங்கே எனக்குக் கிடைத்த சான்று குறைவு" என்று கருவி தன் அறிவின் எல்லையை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் ஆகும்.

இக்குறையைக் களைய மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, பொறுமையாக மிகுந்த ஒளியைச் சேர்ப்பது. கேமராவை முக்காலியில் நிறுத்திச் சில விநாடிகள் திறந்து வைக்கலாம். லென்ஸின் திறப்பை 5.6 என்னும் எண்ணிலிருந்து 1.8க்கு விரித்தால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளி கிடைக்கும். அத்தகைய பழைய லென்ஸ்களைத் தானாகக் குவியச்செய்யும் மோட்டார் டி40இல் இல்லை. கையால் திருப்பித் திருப்பித்தான் குவிக்கவேண்டும். அது ஒரு நல்ல பயிற்சியே.

இரண்டாவது, அசையாத பொருளைப் பலமுறை படமெடுத்து அவற்றின் சராசரியைக் காண்பது. இரைச்சல் ஒவ்வொரு படத்திலும் வேறுவேறு இடத்தில் விழும். பொருளோ எல்லாவற்றிலும் அதே இடத்தில் நிற்கும். நான்கு படங்களைச் சேர்த்தால் இரைச்சல் பாதியாகும். பதினாறு படங்களைச் சேர்த்தால் காற்பங்காகும். ஒரு நோக்கில் குறைவாகத் தோன்றும் உண்மை பல நோக்குகள் கூடும்போது துலங்குகிறது என்பதை அநேகாந்தம் பயின்ற நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் கேமராவிலேயே நிலையாக உள்ள பிழை, எத்தனை படம் சேர்த்தாலும் போகாது. அதற்கு லென்ஸை மூடிவிட்டு ஒரு படம் எடுத்து, அதில் தெரியும் பிழைகளை மற்றப் படத்திலிருந்து கழிக்கவேண்டும். வெளியுலகை மறைத்துத் தன் குற்றத்தைத் தானே காணும் இச்செயல், நாம் நாள்தோறும் செய்யவேண்டிய பிரதிக்கிரமணத்தை எனக்கு நினைவூட்டுகிறது.

மூன்றாவது வழி ஊகம். கணினி, புள்ளிகளைத் தேய்த்து வழவழப்பாக்குகிறது. இக்காலத்தில் அதற்கும் மேலே சென்று, தான் முன்பு கற்ற படங்களைக்கொண்டு இல்லாத நுணுக்கங்களை வரைந்தும் விடுகிறது. 2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்து, இருட்டறையில் சாம்சங் கைப்பேசியால் எடுத்தார். திரையில் இல்லாத நிலவுப் பள்ளங்கள் கைப்பேசிப் படத்தில் தோன்றின. நிலவை அடையாளம் கண்டு அதன் விவரங்களை மேம்படுத்தும் செயற்கை நுண்ணறிவு அதில் உள்ளதென நிறுவனமும் விளக்கியது. கைப்பேசிகள் இரண்டாம் வழியையும் கையாள்கின்றன என்பதை மறுக்கக் கூடாது. பல படங்களைச் சேர்த்தே அவை இருளை வெல்கின்றன. சான்று எங்கே முடிந்தது, ஊகம் எங்கே தொடங்கியது என்பதை அவை நமக்குச் சொல்வதில்லை என்பதே இடர்ப்பாடு.

இதனால் விளையும் தீங்கை நானே செய்து அறிந்தேன். எங்கள் முன்னோர் ஊரின் ஜினாலயத்தில், இருண்ட மண்டபத்துச் சுவரில் தேய்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. விளக்கெரிக்க ஒரு பெண்மணி அளித்த நிவந்தத்தைக் கூறுவது. விழா மலருக்காக அதை 1600இல் கையில் பிடித்தே எடுத்தேன். புள்ளிகள் அசிங்கமாகத் தோன்றவே, கணினியில் தேய்த்து அழகாக்கி அனுப்பினேன். அப்படத்தைப் பார்த்துப் படித்தவர், கொடையாளியின் பெயர் பொறிக்கப்படவில்லை என்று எழுதினார். மலரும் அவ்வாறே அச்சாகி வீடுதோறும் சென்றது. ஓராண்டு கழித்து அங்கே சென்றபோது, கைவிளக்கைச் சுவரையொட்டிச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தோம். சாய்வொளியில் சிறு பள்ளமும் நிழல் தரும். நான்கு எழுத்துகளின் தடம் தெரிந்தது. இரண்டைப் படிக்கவும் முடிந்தது. மழுங்கிய அவ்வெழுத்துகளையும் இரைச்சல் என்று எண்ணிக் கணினி துடைத்திருக்கிறது. பல நூற்றாண்டு மழையும் காற்றும் முழுதாக அழிக்காத ஒரு தாயின் பெயரை, அழகு கருதி நான் அழித்தேன்.

கல்வெட்டறிஞர்கள் இதில் நமக்கு வழிகாட்டிகள். போளூரை அடுத்த திருமலை, பதினாறடிக்கும் மேல் உயர்ந்த நேமிநாதர் நிற்கும் தலம். முதலாம் இராசேந்திர சோழனின் வெற்றிகளை அடுக்கிச் சொல்லும் கல்வெட்டும் அங்கேதான் உள்ளது. அத்தலத்துக் கல்வெட்டுகளை 1890இல் வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் ஹுல்ட்ஸ் பதிப்பித்தார். கல்வெட்டுப் பதிப்பில் ஒரு மரபு உண்டு. ஐயத்துக்குரிய எழுத்தைப் பகர அடைப்புக்குள் இடுவர்; அழிந்துபோன எழுத்துக்குப் புள்ளி வைப்பர். அப்புள்ளிகள் பதிப்பின் குறையல்ல, பெருமை. பின்வருபவர் அதைக் கண்டு மீண்டும் சென்று தேடுவார். புள்ளியிருந்த இடத்தை வழவழப்பாக்கினால் தேடுவதற்கு எவரும் வரமாட்டார்.

பொய்யாமை விரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் ஒன்று கூடலேக கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல். நான் பொய் சொல்லக் கருதவில்லையே என்று முதலில் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் நம் ஆசாரியர்கள் குற்றங்களுக்கு வேராகக் காட்டுவது பிரமாதம், அதாவது கவனமின்மை. நாம் நாள்தோறும் எதையோ புகழ "பிரமாதம்" என்கிறோம். கணினி தேய்த்துக் கொடுத்த படத்தைப் பார்த்து நானும் அன்று அச்சொல்லையே சொன்னேன்!

அப்படியானால் திருமணப் படத்தில் முகத்தைச் சற்றுப் பொலிவாக்குவதும் குற்றமோ என்று சிலர் கேட்கலாம். அது அணிகலன் போன்றது. அணிகலன் என்றே எல்லாரும் அறிவர். சான்றாக நிற்கவேண்டிய படத்துக்கே இவ்வொழுக்கம் வேண்டும். நம் ஜினாலயங்களின் சுவரோவியம், கல்வெட்டு, ஏட்டுச்சுவடி ஆகியவற்றைப் படமெடுக்கும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கின்றனர். அவர்களை வேண்டிக்கொள்வது இவ்வளவே: முக்காலியும் பொறுமையும் கொண்டு செல்லுங்கள், எடுத்த மூலப்படத்தை அழிக்காமல் வையுங்கள், திருத்திய படத்தின்கீழ் திருத்தியது என்று எழுதுங்கள்.

அந்த விழா மலர் இன்றும் பல இல்லங்களில் இருக்கும். வைத்திருப்போர், "பெயர் பொறிக்கப்படவில்லை" என்னும் வரியை அடித்துவிட்டு, "பெயர் தேய்ந்துள்ளது, நான்கு எழுத்துத் தடம் உண்டு" என்று ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். மீதமுள்ள இரண்டு எழுத்துகளை என்னினும் நல்ல கண்ணுடையவர் ஒருநாள் படிக்கட்டும்.