பெயரிடும் உரிமையும் பெயரின் கடமையும்

பெயரிடுதல் மனிதனின் தொன்மையான உரிமைகளுள் ஒன்று. ஆயின் அவ்வுரிமையை ஒருவர் பயன்படுத்த, அதனால் விளையும் சுமையை வேறொருவர் தாங்க நேரின் அது அறமாகுமா? கணினித்துறையின் சிறியதொரு வழக்கினைக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம்.

பல கணினிகள் ஒன்றிணைந்து ஒரே களஞ்சியம் போலத் தரவுகளைக் காக்கும் அமைப்பினைக் கொத்தணி எனலாம். சேஜ் வைல் என்பார் 2007இல் கலிபோர்னியாவில் நிறைவுசெய்த கலாநிதிப் பட்ட ஆய்வோடு வளர்ந்த 'செஃப்' அத்தகைய அமைப்புகளுள் ஒன்று. அதன் கொத்தணி ஒவ்வொன்றும் இயல்பாகவே 'செஃப்' என்னும் பெயரையே பெறும். ஒரே கணினியில் இரு கொத்தணிகளை இயக்குவோர் குழம்பாதிருக்க, வேறு பெயர் சூட்டும் வசதியும் அளிக்கப்பட்டது. அப்பெயரோ அமைப்புக் கோப்பின் பெயரிலும் தரவு உறையும் இடத்தின் பெயரிலும் புகுந்தது. இயல்புப் பெயரை எதிர்பார்த்து எழுதப்பட்ட துணைக் கருவிகள் தடுமாறின. ஈற்றில் ஆக்கியோரே அவ்வசதியைக் கைவிடத்தக்கதென அறிவித்தனர். கொத்தணியின் தனித்துவம் அப்பெயரில் என்றுமே தங்கியிருக்கவில்லை. தோன்றும்போதே அதற்கு வழங்கப்படும் 128 பிற் நீளமான அடையாள எண்ணிலேயே தங்கியிருந்தது.

எனவே இயல்புப் பெயரே என்றும் நன்று எனத் துணியலாமோ? ஆகாது. 'கசான்ட்ரா' என்னும் தரவுத்தளத்தில் ஒரு கொத்தணியின் கணினி மற்றொன்றில் தவறிச் சேராவண்ணம் காப்பது கொத்தணிப் பெயரே. அதன் இயல்புப் பெயர் 'சோதனைக் கொத்தணி' எனப் பொருள்படும். மெய்யான பணிக்குரிய கொத்தணியிலும் அதனையே விட்டுவைப்பவர் வேலியின்றிப் பயிர் செய்பவரை ஒப்பர்.

நன்னூலார் பெயர்களை இடுகுறியென்றும் காரணமென்றும் பகுப்பர். செஃப் கொத்தணிக்குச் சூட்டிய தனிப்பெயர் இடுகுறியின் தன்மையது. அதனை மாற்றினும் பொருள் மாறாது. கசான்ட்ராவின் பெயரோ தொழிலொன்றைத் தாங்கி நிற்பது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பிழை.

எண்ணே அடையாளமாயின் பெயர் எதற்கு எனச் சிலர் வினவலாம். நள்ளிரவில் அழித்தற் கட்டளையை இடுபவர் மனிதர். நீண்ட எண்ணை அவர் நினைவிற் கொள்ளார். எக்கொத்தணி எதுவென அறியாது அவர் இடும் ஒரு கட்டளை பிறருடைய பல்லாண்டு உழைப்பை அழித்துவிடக் கூடும். ஆகவே மனிதருக்குப் பெயர் வேண்டும். அது கணினியின் பெயரிலோ பணிக்குறிப்பிலோ, எவருடைய கருவியையும் முறிக்காத இடத்தில் அமைதல் வேண்டும்.

தனிப்பெயர் சூட்டுவதும் பொதுப்பெயரை ஏற்பதும் தம்மளவில் அறமுமல்ல, குற்றமுமல்ல. இப்பெயர் எத்தொழிலைச் செய்கின்றது, அதன் சுமை எவர்மேல் விழுகின்றது என வினவிய பின்னர் பெயரிடுவதே அறமாகும். தமக்குப் பின் அக்கொத்தணியைப் பேணவிருக்கும் முகமறியாதவரையும் அவ்வினாவுக்குள் அடக்குதல் வேண்டும். பெயரிடும்போது கருத்துரைக்க அங்கு இல்லாதவர் அவர் ஒருவரே.