கடமையாய் வரும் கொடை

2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டப்படி, பெருங்கம்பெனிகள் தம் மூவாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கேனும் சமூகப் பணிகட்குச் செலவிடல் வேண்டும். அதில் ஒரு பகுதி, அறக்கட்டளைகள் வாயிலாக, நம் சேரிப் பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்கு உழைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு மானியமாக வருகின்றது. சட்டத்திற்கு அஞ்சி ஈவது தானமாகுமா?

சேதனையே கர்மம் என்பது பகவன் போதனை. ஆதலின் ஈவோர்க்குப் புண்ணியம் குறையலாம். அது அவர் கணக்கு. பிள்ளை பெற்ற எழுத்தறிவு அதனாற் குறைவதில்லை. மானியம் வேண்டாவென்போர் கட்சியில் நாம் இல்லை. ஆயின், கொடுத்தவர் பெயர்ப்பலகையைப் பிள்ளைகள் கையில் ஏந்தச் செய்து படம் பிடிப்பதை நாம் ஒப்போம்.

பாபாசாகேப் அம்பேத்கர் 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையால் கொலம்பியா சென்று பயின்றார். பரோடாவிற் பணிபுரிய உடன்பட்டே அதனைப் பெற்றார். 1917இல் அங்குச் சென்றபோதோ, சாதியின் பெயரால் தங்க இடமின்றித் திரும்பினார். கற்ற கல்விக்கு அவர் செலுத்திய கைம்மாறு, 1945இல் தாமே மக்கள் கல்விச் சங்கம் நிறுவி, மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தர் பெயரால் கல்லூரி திறந்தது.