பெட்டியில் உறங்கும் நூல்

காத்து வைத்தல் எந்த எல்லைவரை அறம்? எந்த எல்லையைக் கடந்தால் அது அறமற்றதாகிறது? பெருஞ்செல்வத்தைச் சான்றாக வைத்து இவ்வினாவை ஆராய்ந்தோர் பலர். நான் ஒரு சிறு பொருளைக் கொண்டு ஆராய விழைகின்றேன். கம்பளிச் சட்டை பின்னுவதற்கென வாங்கி, பின்னப்படாமலே பல்லாண்டு பெட்டியில் கிடக்கும் நூலே அது. கேமரன் மலைக்குப் புறப்படும்போதன்றி நமக்குக் கம்பளியின் நினைவு வருவதில்லை. குளிர்நாடுகளில், கைப்பின்னல் அறிந்தோர் இல்லங்களில், இத்தகைய நூல் கிடப்பது இயல்பு.

இரண்டாம் உலகப் போரின்போது, 1941 ஜூன் முதல் நாள், பிரிட்டனில் உடைப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. பின்னல் நூலுக்கும் கூப்பன் தேவைப்பட்டது. உள்ளதைச் செப்பனிட்டு உடுத்துமாறு 1943-இல் அரசாங்கமே கையேடு வெளியிட்டது. மக்கள் பழைய சட்டைகளைப் பிரித்து, நூலைக் கழுவி நேராக்கி, மீண்டும் பின்னினர். பங்கீடு 1949 வரை நீடித்தது. அந்நாளில் துண்டு நூலையும் காத்தவரைக் கருமி என எவர் கூறுவார்? நாளை யாரோ ஒருவரின் குளிரைப் போக்க அது வேண்டியிருந்தது.

தேவை கருதாது காப்பதோ வேறு. கம்பளியை அரிக்கும் அந்துப்பூச்சியின் புழு, இருளையும் அசைவின்மையையும் விரும்புவது. அடிக்கடி கையாளப்படும் நூலை அது எளிதில் அண்டாது. ஆழப் புதைத்த நூலையே தின்னும். ‘நன்றியில் செல்வம்’ என வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்ததன் பொருத்தம் இங்கே புலனாகும்.

இனி, கடினமான வினாவுக்கு வருவோம். நூல் பெரும்பாலும் யாருக்கேனும் என வாங்கப்படுகிறது. குழந்தைக்கென வாங்கியிருப்பார் தாய். குழந்தை வளர்ந்துவிட்டது, நூல் வளரவில்லை. அதை அயல்வீட்டுச் சிறுவனுக்குப் பின்னுவது தம் மகனுக்குச் செய்யும் துரோகமாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. தாய் அன்பு பூண்டது மகன்மீது, நூலின்மீதன்று. மகன் அருகிருந்தால் அவனையே கேட்கலாம். அவனுக்கு ஒரு காலுறை போதுமானதாயிருக்கலாம். மறைந்தவருக்கென வாங்கிய நூலாயின், கேட்க ஆளில்லை என்பது உண்மை. அங்கே தயக்கம் இயல்பானது. அதனை எள்ளி நகையாடுதல் தகாது. ஆயினும் தயக்கத்துக்கு ஆண்டுக் கணக்கில் நூலை இரையாக்குவதால், மறைந்தவர் பெறுவது யாதொன்றுமில்லை.

பின்னத் திட்டமிடுபவர் முதலில் கற்பது அடக்கம். புதுநூல் வாங்குபவர் சட்டையை முடிவு செய்து, பிறகு அளவைக் கேட்பார். பழைய நூலை உடையவரோ அளவை அறிந்து, பிறகு சட்டையை முடிவு செய்ய வேண்டும். எடை போடுகிறார், இழையை இழுத்து வலிமை பார்க்கிறார், நெடுநாள் இறுகிக் கிடந்ததைக் கழுவி உலர்த்துகிறார். சிறு மாதிரித் துண்டொன்று பின்னி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்ணிகள் என எண்ணுகிறார். பற்றாக்குறைக்கு வேறு நூல் வாங்கலாமெனில், ஒரே நிறப்பெயர் கொண்டதாயினும் வேறு தொட்டியில் சாயம் தோய்த்தது ஒத்துப்போகாது. இரண்டையும் வரிசைக்கு வரிசை மாற்றிப் பின்னினால் வேறுபாடு அவ்வளவாகத் தோன்றாது.

கழுத்திலிருந்து கீழ்நோக்கிப் பின்னும் முறையை விளக்கி, அமெரிக்கரான பார்பரா வாக்கர் 1972-இல் நூலொன்று எழுதினார். அளவு குறைந்த நூலுக்கு இம்முறை மிகவும் உகந்தது. தோளை முடித்து, கைகளை முதலில் பின்னிவிட்டு, எஞ்சியதையெல்லாம் உடற்பகுதிக்குக் கொடுக்கலாம். அவ்வப்போது உடுத்தியும் பார்க்கலாம். நூல் இடுப்பளவில் தீர்ந்தால், அது இடுப்பளவுச் சட்டை.